எண்களுக்கும் பாடபேதம் உண்டு

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த சிறு இலக்கியச் சந்திப்பொன்றில், பேச்சு எங்கெங்கோ சுற்றி வேலையின்மையில் வந்து நின்றது. கவிதை எழுதும் நண்பர் ஒருவர், "2020 ஏப்ரலில் ஒரே மாதத்தில் 12 கோடிப் பேர் வேலை இழந்தார்கள். இதைப் பேசாத எழுத்து எதற்கு?" என்றார். இன்னொருவர் உடனே மறுத்தார்: "அது ஏதோ தனியார் நிறுவனத்தின் கணக்கு. நம்புவதற்கில்லை." இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். அந்த எண் எப்படி எண்ணப்பட்டது? இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலும் அவர்களிடம் இல்லை. இக்கட்டுரை அவர்கள் இருவருக்குமான பதில்.

நான் பொருளியல் படித்தவனல்ல. தமிழ் இலக்கியம் படித்து, அதையே கல்லூரியில் கற்பித்து வருபவன். ஆனால் என் துறை எனக்கு ஒன்றைக் கற்றுத்தந்திருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கிடைத்த முதல் ஏட்டை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டார். ஓர் ஏடு மடத்தில் இருந்தது என்பதற்காக அது பிழையற்றதாகிவிடாது. தனியார் வீட்டுப் பரணில் கிடந்தது என்பதற்காகப் பொய்யாகியும்விடாது. எந்த ஏட்டில் எவ்வகைப் பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்பதே பதிப்பாசிரியனின் கேள்வி. வேலை இழப்புக் கணக்கையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் தரப்பு.

முதலில் அந்த 12 கோடியைப் பார்ப்போம். அதைச் சொன்னது மும்பையில் 1976 முதல் இயங்கிவரும் இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம். 2016 முதல் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அது மீண்டும் மீண்டும் சந்தித்து விவரம் சேகரிக்கிறது. ஊரடங்கின்போது இந்த விசாரணை தொலைபேசி வழியாக நடந்தது. அந்த மையத்தின் மதிப்பீட்டின்படி, 2019-20இல் வேலையில் இருந்தோர் சராசரியாக 40.4 கோடி, 2020 ஏப்ரலில் 28.2 கோடி. இரண்டுக்குமான வித்தியாசமே 12.2 கோடி. அதாவது இது ஒரு கழித்தல் கணக்கு. பெயர் சொல்லி எண்ணப்பட்ட மனிதர்களின் பட்டியல் அல்ல. இழப்பில் சுமார் 9 கோடி சிறு வியாபாரிகளும் கூலித் தொழிலாளர்களும், சுமார் 1.8 கோடி மாதச் சம்பளக்காரர்கள். ஆனால் அதே மாதத்தில் விவசாயத்தில் இருப்போரின் எண்ணிக்கை கூடியிருந்தது. அந்தக் கூடுதலைக் கழித்த பிறகுதான் 12.2 கோடி வந்தது. நம் கட்டுரையாளர்களில் எத்தனை பேர் இதைச் சொன்னார்கள்?

இனி, நம்புவதற்கில்லை என்ற நண்பருக்கு. தனியார் கணக்கைச் சோதிக்க இன்னோர் ஏடு வேண்டும். அது அரசிடமே இருந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு, 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் நகர்ப்புற வேலையின்மை 20.9 விழுக்காடு என்றது. அதற்கு முந்தைய காலாண்டில் அது 9.1 விழுக்காடு. தனியார் மையம் 2020 ஏப்ரலுக்குச் சொன்னது, நகரமும் கிராமமும் சேர்த்து, 23.5 விழுக்காடு. அளவுகோல்கள் வேறு, காலமும் வேறு. ஆனாலும் வீழ்ச்சியின் பேரளவை இரு ஏடுகளும் ஒன்றுபோலவே சொல்கின்றன. சிக்கல் என்னவென்றால், அரசின் எண் 2021இல்தான் வெளிவந்தது. மக்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தபோது கையில் இருந்தது தனியார் கணக்கு மட்டுமே.

இதே அரசுக் கணக்கெடுப்பு, 2019 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான ஆண்டுக்கு வேலையின்மை வெறும் 4.8 விழுக்காடு என்றும் சொல்கிறது. இரண்டும் பொய்யல்ல. ஒன்று, கடந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தாயா என்று கேட்கிறது. மற்றொன்று, ஆண்டு முழுவதையும் கணக்கில் கொள்கிறது. இரண்டு மாதம் பட்டினி கிடந்தவன் ஆண்டுக் கணக்கில் வேலையுள்ளவனாகிவிடுகிறான். மேடையில் 4.8ஐ மட்டும் சொல்பவர் பொய் சொல்லவில்லை, கேள்வியை மறைக்கிறார்.

தனியார் ஏட்டிலும் பிழை உண்டு. 2021இல் ஜீன் டிரீஸும் அன்மோல் சோமஞ்சியும் அந்த மாதிரியில் ஏழைக் குடும்பங்கள் குறைவாக இடம்பெறுகின்றன என்று எழுதினார்கள். பெரிய தெருவில் தொடங்கி வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள். மையத்தின் தலைவர் மகேஷ் வியாஸ் பதில் எழுதினார். அந்த விமர்சனம் சரியென்றால், ஏழைகளின் இழப்பு மிகைப்படுத்தப்பட்டது என்பதைவிடக் குறைத்துக் காட்டப்பட்டது என்பதற்கே வாய்ப்பு அதிகம். "தனியார் கணக்கு, ஆகவே பொய்" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான் வசிக்கும் வேங்கிக்காலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் சுக்குக் காபி விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச்சுக்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பௌர்ணமி கிரிவலம் தடைபட்டது. அவர் கிராமத்துக்குப் போய்த் தந்தையின் நிலத்தில் கூலியின்றி உழைத்தார் என்றால், கணக்கில் அவர் வேலை இழந்தவரே அல்ல, விவசாயி. கூடிப்போன அந்த விவசாயிகளில் எத்தனை சுக்குக் காபிக்காரர்கள் இருந்தார்களோ! கிரிவலம் மீண்டும் தொடங்கிய பிறகும் சிக்கல் தீரவில்லை. கணக்கெடுப்பாளர் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தில் வந்தால், ஒரு மணி நேர வியாபாரம் போதும், அவர் வேலையுள்ளவர். தேய்பிறையில் வந்தால், வேறு வேலை கிடைக்காத வாரமென்றால், வேலையற்றவர். அந்த மனிதரும் மாறவில்லை, அவருடைய வறுமையும் மாறவில்லை. கேள்வி கேட்கப்பட்ட நாள் மட்டும் மாறியது. மாதந்தோறும் ஏறி இறங்கும் எண்களைக் கண்டு கூத்தாடுவதற்கும் மாரடிப்பதற்கும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் எல்லா எண்களையும் குப்பையில் போட்டுவிடலாமா? கூடாது. எண்கள் இல்லாத இடத்தில் அதிகாரம் தன் கதையை மட்டுமே சொல்லும். 2017-18க்கான அரசுக் கணக்கெடுப்பு வேலையின்மை 6.1 விழுக்காடு என்று கண்டது. அது வெளியிடப்படாததை முன்னிட்டு 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி.மோகனனும் ஜே.வி.மீனாட்சியும் விலகினார்கள். நாளிதழொன்றில் அறிக்கை கசிந்தபோது, அது இறுதி செய்யப்படாத வரைவு என்றது அரசுத் தரப்பு. தேர்தல் முடிந்து, புதிய அரசு பதவியேற்ற மறுநாள், 2019 மே 31 அன்று, அதே 6.1 அதிகாரபூர்வமாக வெளிவந்தது. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயல்ல. 2025 ஆகஸ்ட் 1 அன்று, வேலைவாய்ப்பு எண்கள் சாதகமாக இல்லாத நிலையில், அமெரிக்க அதிபர் டிரம்ப் தொழிலாளர் புள்ளியியல் துறையின் தலைவரைப் பதவிநீக்கம் செய்தார். அக்டோபரில் அங்கே அரசு முடங்கி மாதாந்திர அறிக்கை நின்றுபோனபோது, சம்பளப் பட்டியல்களைக் கையாளும் ஏ.டி.பி. என்ற தனியார் நிறுவனத்தின் எண்களைத்தான் பலரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்களில் அரசு ஊழியர்கள் இல்லை. ஆனாலும் கையில் இருந்த ஏடு அது.

தனியார் கணக்கு நமக்குத் தேவைப்படுவது அது தூய்மையானது என்பதால் அல்ல. அரசு தன் ஏட்டைப் பூட்டிவைக்கும்போது ஒப்பிட இன்னொன்று வேண்டும் என்பதால். ஆனால் தனியார் மையத்தின் முழு விவரங்களும் சந்தா கட்டுவோருக்கே கிடைக்கின்றன. பூட்டு எவருடையதானாலும் பூட்டுத்தான். அரசுக் கணக்கெடுப்பின் மூல விவரங்களையோ யாரும் இலவசமாகப் பெறலாம். 2025 மே மாதத்திலிருந்து அந்தக் கணக்கெடுப்பும் மாதந்தோறும் வெளிவருகிறது. இனி அரசு ஏடும் தனியார் ஏடும் மாதந்தோறும் அருகருகே கிடைக்கும். ஒப்பிடாதிருப்பதற்கு நமக்குச் சாக்கில்லை.

கவிஞ நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் சீற்றம் நியாயமானது. ஆனால் 12 கோடியை நீங்கள் அணியாகப் பயன்படுத்தினீர்கள். நாளை எதிராளி அதிலொரு பிழையைக் காட்டினால், எண்ணோடு சேர்ந்து அந்த மனிதர்களும் பொய்யாகிப்போவார்கள். யார் எண்ணியது, எந்த நாளில் எண்ணியது, எதை வேலை என்று கொண்டது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை — இந்த நான்கையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒரு சொல்லுக்காகப் பத்து ஏடுகளைப் புரட்டிய மரபு நம்முடையது. சுக்குக் காபிக்காரருக்காக இரண்டைப் புரட்டக்கூடாதா?