வெட்டி யார்?

ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்ற வாலிபர்களைக் காட்டி, "வெட்டிப் பயல்கள்!" என்றார் என்னுடன் வந்த பெரியவர். இரவு ஷிப்டு முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள்!

சொற்கள் நம்மைவிட நியாயமறிந்தவை. ஆங்கிலத்தில் வேகத்தைச் சொல்லும் 'குயிக்' ஆதியில் உயிருள்ளதைக் குறித்தது. சோம்பலைச் சொல்லும் 'ஐடில்' வெறுமையைக் குறித்தது. நம் 'வெட்டி'யோ சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்பின் பெயர். உழைத்தவனின் பெயர் இன்று சோம்பேறிக்கு வசவு!

2014-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்கள் கை ஓய்ந்தது சோம்பலாலா? வேகத்தைக் கூலிக்கு வாங்கிக்கொண்டு, அதிலுள்ள உயிரை மறந்து, ஓய்ந்து நின்றால் வசைபாடுகிற நாக்குதான், ஐயா, உண்மையான வெட்டி.