எஞ்சினுக்கும் ஜாதகம் உண்டு

பழைய மோட்டாருக்கா இத்தனை பணம் என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டில் செவர்லே கம்பெனி 'காமரோ இசட்.எல்.-1' என்றொரு காரைச் செய்தது. மொத்தமே 69 வண்டிகள். அதன் 427 கன அங்குல எஞ்சின் முழுக்க அலுமினிய வார்ப்பு. எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல்! அன்று வாங்க ஆளில்லாமல் கடைகளில் நின்ற வண்டிகள், இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகின்றன. ஆனால், உள்ளே இருப்பது கூடப் பிறந்த எஞ்சினாக இருக்க வேண்டும்!

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இசட்.எல்.-1 என்றால் முதலில் ஒரு காந்தத்தை எடுங்கள். எஞ்சினில் ஒட்டிக்கொண்டால் நடையைக் கட்டலாம். ஒட்டாவிட்டால் வேலை அங்கேதான் ஆரம்பம்.

அக்காலத்துச் செவர்லே வி-8 எஞ்சின்களின் முன்பக்கம், வலது ஓரத்தில் சின்னச் சமதளம் ஒன்று இருக்கும். அதில் எஞ்சின் செய்த தேதியும் வகையும், காரின் வரிசை எண்ணும் பொறித்திருப்பார்கள். அந்த எண், முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள தகட்டு எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் தேதி வேறு உண்டு. 'ஏ' ஜனவரி, 'எல்' டிசம்பர். 'சி 14 9' என்றால் 1969 மார்ச் 14. கார் தயாரானது பிப்ரவரியில் என்றால்? கல்யாணம் பிப்ரவரியில், மாப்பிள்ளை பிறந்தது மார்ச்சில் என்ற கதைதான்!

எண்ணை அராவிவிட்டுப் புதிதாய்ப் பொறிக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். இரும்பு எஞ்சின்களில் அவர்களைக் காட்டிக்கொடுப்பது, தொழிற்சாலையில் கடைந்தபோது விழுந்த மெல்லிய இணைகோடுகள். எண் பளிச்சென்று இருக்கிறது, கோடுகளைக் காணோம் என்றால் விழித்துக்கொள்ளுங்கள். ஆனால், ரிப்பேருக்காகச் சீவினாலும் கோடுகள் போகும். கூடவே எண்ணும் போகும். அது மோசடியல்ல. பந்தயத்தில் எஞ்சினை உடைத்துக்கொண்டு வேறு மாட்டியவர்கள் எத்தனையோ பேர். "மாற்று எஞ்சின்தான் ஐயா" என்று சொல்லி விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கலாம். குற்றம் சொல்ல இடமில்லை. இல்லாத எண்ணை அடித்து வைத்தவரிடம், மற்றப் பாகங்களை நம்பி வாங்குவது எப்படி?

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அழுக்கைப் போக்குகிறேன் என்று அந்த இடத்தில் உப்புத்தாளை வைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் தோய்த்த துணி போதும்.