திரையில் மட்டும் காணும் சோனகர்

தமிழ்ச் சினிமா முஸ்லிமைத் தீவிரவாதியாகக் காட்டுகிறது என்று நமது பத்திரிகைகளில் முப்பது வருடங்களாக எழுதி வருகிறோம். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது எழுதினோம். 1995இல் ‘பம்பாய்’ வந்தபோது எழுதினோம். பிறகு 2012இல் ‘துப்பாக்கி’, 2013இல் ‘விஸ்வரூபம்’, 2022இல் ‘பீஸ்ட்’. படத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கட்டுரையையே திரும்பவும் அச்சுக்குக் கொடுக்கலாம். அந்தக் கட்டுரைகள் சொன்னது பொய் அல்ல. ஆனால் அவை பாதி வழியில் நின்றுவிடுகின்றன என்பதே என் வாதம். திரையில் வந்த கெட்ட முஸ்லிமை ஒன்று இரண்டு என்று எண்ணி வைத்திருக்கிற நாம், திரைக்கே வராமல் போன சாதாரண முஸ்லிமைப் பற்றி அபூர்வமாகத்தான் பேசியிருக்கிறோம். வேறு ஊர்களுக்கு எப்படியோ, யாழ்ப்பாணத்தில் எங்களை அதிகம் வருத்துவது இந்த இரண்டாவது குறைதான்.

நான் சினிமா விமர்சகன் அல்லன். உலக சினிமா, மாற்றுச் சினிமா என்று நண்பர்கள் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பவன். இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பிட்டபடியே தொலைக்காட்சியில் எது போகிறதோ அதைப் பார்ப்பவன். இருப்பது அரியாலையில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில், வாடகை வீட்டில். சோனகதெருவில் எங்கள் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டுமே மிஞ்சியதால் இங்கே வந்தோம். அயல் நல்ல அயல். அவர்கள் பார்க்கும் நாடகத்தைத்தான் நாங்களும் பார்க்கிறோம். இரவு எட்டு மணிக்கு நாலு வீட்டிலும் ஒரே பாட்டுத்தான் கேட்கும்.

சினிமா பொய் சொல்வது புதிதல்ல. எல்லாரைப் பற்றியும் சொல்கிறது. ஆனால் மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ அக்கரைப்பற்றிலோ அந்தப் பொய்யைத் திருத்த ஆள் இருக்கிறது. படத்தில் குண்டு வைக்கும் தாடிக்காரனைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பையன், அதே மாதிரித் தாடி வைத்தவரின் கடையில் நின்று தேநீர் குடிக்கிறான். அவருடைய மகனோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கிறான். அவர் சில்லறை பாக்கி வைப்பதும் தெரியும், கோபக்காரர் என்பதும் தெரியும். படம் சொன்னதை அந்த மனிதர் தன்னை அறியாமலே அடித்துவிடுகிறார். முழுவதும் இல்லையென்றாலும் பாதியையாவது.

யாழ்ப்பாணத்தில் அந்த மனிதரை அப்புறப்படுத்தியாயிற்று. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். கையில் கொண்டுபோக விட்டது 150 ரூபாயும் சில உடுப்புகளும். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் போய் விழுந்தார்கள். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை, வருடந்தோறும் எழுதுகிறோம். நான் கேட்பது, எங்களுக்குப் பின்னால் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி. 1991இல் பிறந்த ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய், ஏ.எல். எடுத்து, பல்கலைக்கழகம் போகும் வயது வரைக்கும் தன் வகுப்பிலோ ஒழுங்கையிலோ ஒரு முஸ்லிமைக் கண்டிருக்காது. தொண்ணூறுகளின் முற்பாதியில் மின்சாரமும் இல்லை. பிறகு மின்சாரம் வந்தது, டிஷ் வந்தது, கேபிள் வந்தது, சென்னைச் சனல்கள் வந்தன. ஆக, அந்தப் பிள்ளை வாழ்க்கையில் சந்தித்த முதல் முஸ்லிம் கோடம்பாக்கத்து முஸ்லிம். அவனைத் திருத்த அயலில் ஆள் இல்லை.

இது கற்பனை அல்ல. எங்கள் அயலில் ஒரு பிள்ளை, படித்த பிள்ளை, பண்பான பிள்ளை. என் மனைவியோடு நன்றாகப் பழகும். ஒருநாள் என்னிடம், “அங்கிள், நீங்கள் நல்லாத் தமிழ் கதைக்கிறியள். வீட்டில உருதோ கதைக்கிறது?” என்று கேட்டது. என் உம்மா உருதை வானொலிப் பாட்டில்தான் கேட்டிருப்பார். எங்கள் வீட்டில் கதைப்பது அந்தப் பிள்ளையின் அம்மம்மா கதைக்கும் அதே தமிழ். அதே ‘கதைக்கிறியள்’, அதே ‘வாறியளோ’. அந்தப் பிள்ளையின் மனதில் ஒரு துளி வன்மம் இல்லை. ஆனால் அதற்குத் தெரிந்த முஸ்லிம், ‘அரே’ என்று தொடங்கிப் பாதி உருதும் பாதி உடைந்த தமிழும் பேசுகிறவர். பிரியாணிக்கடைக்காரர், அல்லது வட்டிக்காரர், அல்லது இருட்டறையில் வரைபடம் விரித்து வைத்திருப்பவர். இந்தத் தகவல் அதற்குப் பாடப் புத்தகத்தில் கிடைத்ததல்ல.

இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும், பின்னர் கொழும்பு ஸாஹிராவின் அதிபராக இருந்தவருமான ஏ.எம்.ஏ.அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ். இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இந்த நகரத்துக்கு 1950களில் எம்.எம்.சுல்தான் என்று ஒரு முஸ்லிம் மேயராக இருந்தார். அந்த நகரத்தில்தான் இன்று ஒரு சோனகனின் தமிழைக் கேட்டுப் பாராட்டுகிறார்கள்.

தமிழ்ச் சினிமாவின் நல்ல முஸ்லிமையும் பாருங்கள். 1995இல் வந்த ‘பாட்ஷா’வில் நாயகனின் உயிர்த் தோழன் அன்வர். அவன் கொல்லப்படுகிறான், நாயகன் அவனுடைய பெயரில் பாதியை எடுத்துக்கொண்டு பெரிய ஆளாகிறான். நல்ல முஸ்லிமின் வேலை சாவது. 2021இல் ‘மாநாடு’ நாயகனுக்கே அப்துல் காலிக் என்று பெயர் வைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அவனும் ஒரு பெரிய சதியைத் தடுத்துத் தன் சமூகத்தைப் பழியிலிருந்து மீட்க வேண்டியவனாகவே வருகிறான். முஸ்லிம் என்றால் ஒன்றில் குண்டு வைக்க வேண்டும், அல்லது குண்டைப் பிடுங்க வேண்டும். மனைவியோடு மின்கட்டணத்துக்குச் சண்டை பிடிக்கும் ஒரு முஸ்லிமுக்கு அங்கே இடமில்லை.

சினிமாவை விடத் தொலைக்காட்சி நாடகம்தான் இதில் பெரிய குற்றவாளி. படம் இரண்டரை மணித்தியாலம்; நாடகம் வருடக்கணக்கு. ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை 1500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ என்று அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. ஒரு நாடகம் மெல்ல மெல்லச் சொல்லித் தருவது கதையை அல்ல. ஒரு தெருவில் யார் யார் இருப்பார்கள், யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் போவார்கள் என்பதைத்தான். நான் பார்த்த தெருக்களில் ஒரு முஸ்லிம் வீடு இல்லை. சீனி கடன் கேட்டு வேலியால் எட்டிப் பார்க்கும் ஒரு ராத்தா இல்லை. மருமகளோடு ஒத்துப்போகாத ஒரு உம்மா இல்லை. வில்லியாகக்கூட இல்லை! நோன்பு மாதம் வந்தால் மட்டும் நம் நாட்டுச் சனல்களில் நாம் உயிர்த்தெழுகிறோம். வெள்ளைத் தொப்பி, பேரீச்சம்பழம், ஹதீஸ், ஒரு கசீதா. பெருநாள் பிறை தெரிந்ததும் மறுபடி பதினொரு மாதத்துக்குக் காணாமற் போகிறோம். அந்த ஒரு மாத ஒலிபரப்பைப் பெரிய உரிமையாக எண்ணி நமது அமைப்புகள் நன்றிக் கடிதம் எழுதுகின்றன.

வேறு மாதிரிச் செய்ய முடியாது என்றில்லை. செய்து காட்டியிருக்கிறோம். எழுபதுகளில் இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ போனது. மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசியவர் எஸ்.ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் பி.எச்.அப்துல் ஹமீத். உபாலியாகச் செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் பேசினார்கள். எல்லாரையும் கேலி செய்தார்கள், மரிக்காரையும் விடவில்லை. ஆனால் மரிக்கார் ஒரு வீட்டுக்குள் மற்றவர்களோடு இருந்து சண்டை பிடித்தார். அதனால்தான் ஓர் இந்துக் கலைஞருக்குக் கடைசி வரைக்கும் ‘மரிக்கார் ராம்தாஸ்’ என்ற பெயர் நிலைத்தது. கேலி நமக்குப் பிரச்சினையே அல்ல. கேலி செய்யும் அளவுக்குக்கூட நெருங்கி வராததே பிரச்சினை.

“சினிமாவைச் சினிமாவாகப் பாருங்கள், ஏன் இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருக்கிறீர்கள்” என்று தமிழ் நண்பர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு இரண்டு விஷயம் நினைவூட்டுகிறேன். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ பற்றி நாங்கள் முறைப்பட்டபோது கருத்துச் சுதந்திரம் பேசப்பட்டது. அதே வருடம் ஓகஸ்டில் ‘மெட்ராஸ் கபே’ வந்தபோது, ஈழத்தமிழரைக் கொச்சைப்படுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, தமிழ்நாட்டில் அந்தப் படம் திரைக்கே வரவில்லை. 2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் இரண்டாம் பாகத்தைத் தடைசெய்யக் கோரித் தமிழ்நாட்டு அரசே மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதே நியாயம் எங்களுக்கும் உண்டு என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, அரியாலையையே கேளுங்கள். 2020 மார்ச்சில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த ஒரு போதகர் இங்குள்ள தேவாலயம் ஒன்றில் ஆராதனை நடத்தினார். யாழ்ப்பாணத்தின் முதல் கொரோனாத் தொற்று அதோடு தொடர்புடையது. அந்த வாரங்களில் தொலைக்காட்சியில் ‘அரியாலை’ என்ற சொல் ஊரின் பெயராக இருக்கவில்லை, நோயின் பெயராக இருந்தது. அந்தத் தேவாலயப் பக்கமே போகாத சனமும், அரியாலை என்று சொல்லக் கூசியது. கமரா ஓர் ஊர் முழுவதையும் ஒரே முகமாக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்பதை இந்த ஊர் அறியும். அதே வருடம் அதே கமரா எங்கள் பக்கம் திரும்பியது. அடக்கம் மறுக்கப்பட்டு எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது, அதை நியாயப்படுத்தும் மனநிலையைச் செய்தி அறிக்கைகளும் சேர்ந்தே வளர்த்தன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாம் செய்தது என்ன? ‘விஸ்வரூபம்’ தமிழ்நாட்டில் இரண்டு வாரம் நின்றது. சில இடங்கள் வெட்டப்பட்டு 2013 பெப்ரவரி 7ஆம் திகதி வெளியாகி நன்றாக ஓடியது. அந்த இரண்டு வாரத்தால் ஒரு பார்வையாளனின் மனதிலிருந்த முஸ்லிம் மாறினானா? மாறவில்லை. படத்தை நிறுத்துகிற முஸ்லிம் என்று இன்னொருவன் சேர்ந்தான், அவ்வளவுதான். மறுபக்கம், சினிமா ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, இரவில் அதே சினிமாவைக் குடும்பத்தோடு பார்க்கிறோம். பார்ப்பதில் நமக்குத் தயக்கமில்லை. எடுப்பதில்தான் மார்க்கம் நினைவுக்கு வருகிறது. கமராவை நாம் தொடாவிட்டால் வேறு யாரோ தொடுவார்கள். எங்களைத் தெரியாதவர்கள் எங்களைப் படமெடுத்தால் அது இப்படித்தான் இருக்கும்.

ஈழத்தைப் பற்றிய படங்களையும் சொல்ல வேண்டும். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ தொடங்கி 2015இல் பிரான்சில் பெரிய பரிசு வாங்கிய ‘தீபன்’ வரை நான் பார்த்தவற்றில், வடக்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்ற செய்தியே இல்லை. யாழ்ப்பாணத்தில் இப்போது இளைஞர்கள் குறும்படம் எடுக்கிறார்கள். 2015இல் இங்கே சர்வதேசத் திரைப்பட விழாவும் தொடங்கியது. அவர்களிடம் என் கோரிக்கை அனுதாபம் அல்ல. 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அரியாலைச் சனமும் மழையில் நடந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதி. இதை விடப் பெரிய கதை என்ன வேண்டும்? இதை எடுக்க மும்பையிலிருந்தா ஆள் வரும்?

நமது எழுத்தாளர்களுக்கும் ஒன்று. நாம் ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 30ஐ எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அதில் வருபவர் ஓர் அகதி மட்டுமே. அகதியைப் பார்த்து இரங்கலாம், அயலவராக நினைக்க முடியாது. ஆகையால் 29ஆம் திகதியையும் எழுதுங்கள். அன்று ஐந்துசந்தியில் எந்தக் கடையில் எவ்வளவு கடன் பாக்கி இருந்தது, ஒஸ்மானியாவில் எந்த வாத்தியார் யாருக்கு அடித்தார், மனோகராவிலும் ராஜாவிலும் படம் பார்க்க யாரோடு சேர்ந்து போனோம், எந்த வீட்டுக் கலியாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள், இதையெல்லாம் எழுதுங்கள். தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. கைத்தொலைபேசி உள்ளவர்கள் அவர்களைப் பேசவிட்டுப் படம் பிடியுங்கள். எழுதியதையும் எடுத்ததையும் நமக்குள்ளேயே சுற்றவிடாமல், எங்களைக் காணாமலே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கோடம்பாக்கம் திருந்துமென்று இனியும் முப்பது வருடம் காத்திருக்க எங்களால் முடியாது.