டேஷ்போர்டு இருட்டானால் யாரைத் திட்டுவது?

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஜோக் கட்டாயம் வரும். ஜோசப் லூகாஸ்தான் "இருட்டின் இளவரசன்" என்பார்கள். பர்மிங்ஹாமின் லூகாஸ் கம்பெனிதான் எம்.ஜி., மோரிஸ், ட்ரையம்ஃப் என்று அந்தக் காலத்து இங்கிலாந்து கார்கள் பலவற்றுக்கும் லைட், ஸ்விட்ச், டைனமோ எல்லாம் செய்து கொடுத்தது. ராத்திரியில் டேஷ்போர்டு விளக்கு அணைந்து போனால் பழி நேராக லூகாஸ் தலையில் விழும். நல்ல ஜோக்தான், சிரிக்கலாம். ஆனால் அதையே உண்மைக் காரணமாக எடுத்துக்கொண்டு, "லூகாஸ்னா அப்படித்தான், மொத்த வயரிங்கையும் மாத்திடு" என்று கிளம்புவதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது.

எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்ளலாம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. அதன் வயரிங் படம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கூட்டம் கிடையாது. பேட்டரியிலிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து பல்பு, பல்பிலிருந்து பாடி வழியாகத் திரும்ப பேட்டரி. அவ்வளவுதான் கதை. வயர்களுக்கு நிறம் கூட ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்கள். பிரவுன் என்றால் எப்போதும் கரண்ட் இருக்கும். வெள்ளை என்றால் சாவி போட்டால் வரும். பச்சை என்றால் சாவி போட்டு, ஃப்யூஸ் தாண்டி வரும். சிவப்பு பார்க்கிங் லைட்டுக்கு. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது டேஷ்போர்டு விளக்குக்கு. கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்ய பத்து நிமிடம் போதும்!

இவ்வளவு சுலபமான ஒன்றைப் பார்க்காமல், முதலில் பல்பு, அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்ப்பது ரிப்பேர் அல்ல, லாட்டரி. ஒவ்வொரு சீட்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். ஏற்கனவே செலவழித்துவிட்டோமே என்பதற்காகவே அடுத்த பார்ட்ஸையும் வாங்குவார்கள். போன காசு போனதுதான், அதை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று காமர்ஸ் புத்தகம் சொல்வது கார் ஷெட்டில் யார் காதிலும் விழுவதில்லை :-)

சரி, எப்படித்தான் பார்ப்பது? முதல் கேள்விக்குக் காசே ஆகாது. எல்லா விளக்கும் போச்சா, ஒன்று மட்டும் போச்சா?

எல்லாமே போயிருந்தால், ஐந்தாறு பல்பும் ஒரே ராத்திரியில் பேசி வைத்துக்கொண்டு ஃப்யூஸ் போயிருக்க வாய்ப்பில்லை. பொதுவான இடத்தில் ஏதோ கோளாறு. பின்னால் போய் டெயில் லைட்டைப் பார்க்க வேண்டும். அதுவும் எரியவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது அதன் சப்ளை. டெயில் லைட் எரிகிறது, டேஷ்போர்டு மட்டும் இருட்டு என்றால், நடுவில் இருக்கும் டிம்மரைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது கம்பி சுற்றிய ஒரு சின்ன ரெசிஸ்டர். வருடக்கணக்கில் யாரும் திருகாமல் விட்டால் அதன் மேல் பாசி மாதிரி ஒன்று படிந்துவிடும். இருபது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினாலே பல கார்களில் வெளிச்சம் வந்துவிடும். செலவு பூஜ்யம்.

ஒன்று மட்டும் போயிருந்தால் பல்பு, ஹோல்டர், எர்த், இந்த வரிசை. இந்தக் கார்களில் பல்பு ஹோல்டர் மீட்டரின் முதுகில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். அதற்கு எர்த் கிடைப்பதே மீட்டரின் தகர உடம்பு வழியாகத்தான். மீட்டருக்கு எர்த் அதைப் பிடித்திருக்கும் நட்டில் மாட்டிய கறுப்பு வயர் வழியாக. அந்த நட்டுக்கு அடியில் கொஞ்சம் துரு இருந்தால் போதும், புது பல்பு போட்டாலும் எரியாது. எர்த் கெட்டிருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: இண்டிகேட்டர் போட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொரு விளக்கு மங்கலாகக் கண் சிமிட்டும். கரண்ட்டுக்கு நேர் வழி அடைத்துவிட்டதால் பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் போகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்துத்தான் "கார்ல பேய் இருக்கு" என்பார்கள். பேயை விரட்ட உப்புத்தாள் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிச்சம் தரும் விளக்குகள். எச்சரிக்கை விளக்குகள் வேறு ஜாதி. அங்கேதான் விஷயம் நிஜமாகவே சீரியஸ்.

சிவப்பு இக்னிஷன் விளக்கு இருக்கிறதே, அதன் ஒரு பக்கம் சாவி வழியாக பேட்டரியோடும், மறு பக்கம் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். இன்ஜின் ஓடாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறு பக்கம் ஒன்றுமில்லை, அதனால் எரியும். இன்ஜின் ஓடியதும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், அணைந்துவிடும். ஆக, சாவி போட்டதும் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் "நல்லதுதான், பிரச்சனை ஒன்றும் இல்லை" என்று நினைப்பது பெரிய தப்பு.

ஏனென்றால் லூகாஸின் ஏ.சி.ஆர். வகை ஆல்டர்னேட்டரை முதலில் உசுப்பிவிடுவதே அந்தக் குட்டி பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான். பல்பு ஃப்யூஸ் போனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே இருந்துவிடலாம். பேட்டரி இறங்கும். ஓனர் புது பேட்டரி வாங்குவார். அதுவும் இறங்கும். பிறகு புது ஆல்டர்னேட்டர். அதுவும் சார்ஜ் ஆகாது! 2.2 வாட் பல்பு ஒன்றுக்காக இத்தனை செலவு. மோரிஸ் மைனரின் ஆயில் விளக்கும் இப்படித்தான். பல்பு செத்திருந்தால் ஆயில் பிரஷர் போனாலும் டிரைவருக்குத் தெரியாது, இன்ஜின் ஜாம் ஆன பிறகுதான் தெரியும். எரிகிற எச்சரிக்கை விளக்கை விட எரியாத விளக்குதான் ஆபத்து.

எல்லாவற்றையும் எல்.ஈ.டி.யாக மாற்றிவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மீட்டர் வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. போடுவதில் பெரிய தவறில்லை, டிம்மர் சரியாக வேலை செய்யாமல் போகலாம், அவ்வளவுதான். இக்னிஷன் விளக்குக்குப் போட்டால், அது இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளாமலே போகலாம். இன்னொன்று, 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்கள் பாசிட்டிவ் எர்த். அதில் சாதாரண எல்.ஈ.டி.யைப் பழக்க தோஷத்தில் மாட்டினால் எரியவே எரியாது.

மறுபக்க நியாயமும் உண்டு. சில கார்களில் வயரின் மேல்தோல் வெடித்து, முந்தைய ஓனர்கள் டேப் சுற்றி, கண்ட நிறத்தில் வயர் இழுத்து, படத்துக்கும் காருக்கும் சம்பந்தமே இல்லாமல் செய்து வைத்திருப்பார்கள். அங்கே மொத்த வயரிங்கையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த பிறகு சொல்ல வேண்டும், பானட்டைத் திறப்பதற்கு முன்பே அல்ல.

ஃப்யூஸ் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று இருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய கடையில் 35 என்று கேட்டு வாங்கினால் 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் ஃப்யூஸ் கிடைக்கும். அதைப் போட்டால் ஃப்யூஸுக்கு முன்னால் வயர் உருகும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி மாட்டுபவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரவுன் வயர்களுக்கு ஃப்யூஸே கிடையாது என்பதால், டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரி கேபிளைக் கழற்றுவதும் கட்டாயம்.

இது எங்கோ இங்கிலாந்து சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. லூகாஸ் சென்னைக்கு டி.வி.எஸ்.ஸோடு கூட்டு சேர்ந்து வந்தது 1961-இல். 2014 வரை தயாரான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. அதன் சிவப்பு விளக்குக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்: கரண்ட் வருகிறதா, பல்பு நல்லதா, எர்த் இருக்கிறதா?

இந்த மூன்று கேள்வியையும் ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்துக் கேட்கத் தெரிந்த ஓனரை எந்த ஷெட்டும் ஏமாற்ற முடியாது. நல்ல மெக்கானிக்குக்கும் அப்படிப்பட்ட ஓனரைத்தான் பிடிக்கும். சோம்பேறித்தனத்துக்கெல்லாம் செத்துப்போன ஜோசப் லூகாஸைத் திட்டிக்கொண்டிருப்பது அநியாயம்... பாவம், அவர் விட்டுச்சென்ற கம்பெனி ஒவ்வொரு வயருக்கும் நிறமாவது கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறது!