வேலிக்கு அப்பாலும் அண்டை வீடே

மியாமியிலிருந்து கரீபியன் கடலுக்குப் புறப்படும் தம்பதியருக்கு அந்த ஒரு வாரமும் கப்பலே ஊர். உணவகம், நீச்சல் குளம், கடைவீதி யாவும் அதனுள்ளேயே உண்டு. கரையிறங்கும் நாட்களிலும் சில மணி நேரமே தரையில் கழிகிறது.

அத்தகைய கரைகளுள் ஒன்றாக இருந்தது ஹைட்டியின் வடக்கிலுள்ள லபாடி. கப்பல் நிறுவனம் ஒன்று 1986இல் குத்தகைக்கு எடுத்த அக்கடற்கரையைச் சுற்றி வேலி, வாயிலில் காவல். ஹைட்டி மண்ணில் கால் பதித்தும் அம்மக்களின் வாழ்வைக் காணாமலே பயணிகள் திரும்பினர்.

2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் அந்நாட்டின் தலைநகரைச் சிதைத்தது. மூன்றே நாட்களில் லபாடியில் உல்லாசக் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருட்களும் அதில் வந்தன. இறங்கி உண்டு மகிழ மனம் ஒப்பாத பயணிகளும் இருந்தனர்.

கப்பல் வராவிடில் அங்குள்ள வியாபாரிகளும் பணியாளர்களும் பிழைப்பை இழப்பர் என்பது உண்மை. ஆகவே பயணத்தையே நாம் குறை கூறவில்லை. ஆயினும், அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பதைக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், வேலிக்கு அப்பால் இருப்பவரும் அண்டை வீட்டாரே என்பதை மறக்கலாகாது.

கணவனும் மனைவியும் ஓய்வு நாடிப் பயணிப்பது நன்றே. செல்லும் நாட்டைப் பற்றி முன்பே படித்தறிவோம். வேலியில்லாத துறைமுகங்களில் உள்ளூர்க் கடைகளில் வாங்குவோம். உழைப்பவரின் கூலியில் பேரம் பேசாதிருப்போம். விருந்தாளியாகச் சென்றவர் வீட்டாரின் முகம் பாராமல் திரும்புவது அழகன்று.