குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பும் திரும்பி வரும் இசைத்தட்டும்

பேசியதையே பேசிக்கொண்டிருப்பவரைக் ‘கீறல் விழுந்த ரெக்கார்டு’ என்று சொல்லும் வழக்கத்தைத் தமிழ்நாடு இன்னும் விடவில்லை. ரெக்கார்டை ஒரு நாளும் கையால் தொட்டிராத பிள்ளைகள்கூட அப்படித்தான் சொல்கிறார்கள். பொருள் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. அந்தப் பொருள் ஊரில் எங்கே இருந்தது என்று உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், வசதியான வீட்டு ரேடியோகிராமைவிட மைக் செட் கடையைத்தான் முதலில் நினைவுகூர்வார்கள்.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர் அது. சுற்றிலும் கிராமங்கள். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா, ஆடியில் அம்மனுக்குக் கூழ், இடையில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம். எதுவானாலும் முதல் நாள் மாலையே மைக் செட் வந்து இறங்கிவிடும். புளியமரக் கிளையிலோ மூங்கில் கம்பத்திலோ இரண்டு குழாய்களைக் கட்டி, ஆம்பிளிஃபயரைச் சூடேற்றி, பிளேட்டின் மேல் முள்ளை வைப்பார்கள். பாட்டு பக்கத்து ஊர் வரை போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த மைக் செட்டுக்காரரை அடுத்த விசேஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் சத்தத்துக்கான திருகு கடைசி வரை திரும்பியே இருக்கும்.

அந்தத் திருகில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தைக் கேட்டால், ஆம்பிளிஃபயர் ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். குரலும் வயலினும் ஓரம் பிய்ந்து, கரகரத்து, முரட்டுத் தடிமனோடு வெளியே வரும். மேற்கத்திய ராக் இசைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒலி இதுதான். 1961-இல் வெளிவந்த ‘டோன்ட் வொரி’ பாட்டை நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவு மேசையில் ஒரு பகுதி பழுதாகி, கிராடி மார்ட்டின் வாசித்த கிதார் வண்டுபோல் இரைந்தது. பழுதைத் திருத்தாமல் அப்படியே தட்டில் விட்டார்கள். மறு ஆண்டே அந்த இரைச்சலைக் காலால் அழுத்தி வரவழைக்கும் ‘மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்’ பெட்டி விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்தியது. அதன்பின் அந்தக் கரகரப்பு இல்லாத சைகடெலிக் ராக்கோ ஹெவி ராக்கோ அரிது.

ஹெவி ராக் என்றால் நகரத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகளின் சமாச்சாரம், நம் காதுக்கு ஒட்டாது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். வெடித்துப் பாடும் குழாயின் கீழ் தூங்கி எழுந்து வளர்ந்த காதுகளைப் பற்றி அப்படிச் சொல்வது சரியாகாது. அந்த இசை பிறந்த வீடும் மாளிகை இல்லை. 1970 பிப்ரவரியில் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பிளாக் சபாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலைத் தொழிலாளி. இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார், பிறகு சுருதியையும் இறக்கினார். உலகம் ‘ஹெவி’ என்று கொண்டாடும் அந்தக் கனத்த ஒலியில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு.

இன்று அந்த வகைத் தட்டுகள் புதிதாகவும் மறுபதிப்பாகவும் வந்தபடி இருக்கின்றன. 2022-இல் அமெரிக்காவில் 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடிதான். எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. மெட்டாலிகா குழு 2023-இல் வர்ஜீனியாவில் உள்ள ஃபர்னஸ் என்ற தட்டு ஆலையின் பெரும்பங்கையே வாங்கிவிட்டது. தங்கள் தட்டுகளை அச்சிடக் காத்திருப்பதைவிட ஆலையை வாங்கிவிடலாம் என்ற நிலைக்குத் தேவை வளர்ந்திருக்கிறது.

இந்த அலையில் இந்தியாவுக்கும் தமிழுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு போன வழி சற்று வேதனையானது.

இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தன் ‘சிம்லா’ சிகரெட்டை விளம்பரப்படுத்த, இளைஞர் இசைக் குழுக்களுக்கு ‘சிம்லா பீட்’ என்ற அகில இந்தியப் போட்டியை நடத்தியது. 1970-க்கு ஒன்று, 1971-க்கு ஒன்று எனப் போட்டிக் குழுக்களின் பாடல்களோடு இரண்டு எல்.பி. தட்டுகள் வெளிவந்தன. ஷில்லாங்கிலிருந்து ஃபென்டோன்ஸ், பெங்களூரிலிருந்து டைனோசார்ஸ், சென்னையிலிருந்து கன்ஃப்யூஷன்ஸ். சென்னைப் பையன்களின் ‘வாய்ஸ் ஃப்ரம் தி இன்னர் சோல்’ அவர்களே கட்டிய பாட்டு. புகையிலை விளம்பரத்துக்காகப் பிறந்ததால் அந்தத் தட்டுகளின் மதிப்பு குறைந்துவிடாது. இந்தியாவில் கிதாரை உறுமவிட்ட முதல் தலைமுறையின் குரல் அதிகம் மிஞ்சியிருப்பது அங்கேதான். அவற்றை ஜெர்மனியின் கியூ.டி.கே. மீடியா மறுவெளியீடு செய்தது. பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் ‘அப்செஷன் 77’ தட்டை லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த நவ் அகெய்ன் கொண்டுவந்தது.

தமிழ்ப் படப் பாட்டின் கதையும் இதுவே. 1977 முதல் 1983 வரை இளையராஜா அமைத்த பாடல்களிலிருந்து, சிந்தசைசரும் டிரம்ஸும் மேலோங்கியவற்றை இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் ‘சொல்லச் சொல்ல’ என்ற தலைப்பில் தொகுத்தது. 1985 முதல் 1989 வரையுள்ளவற்றை நெதர்லாந்தின் பாம்பே கனெக்‌ஷன் ‘ஃபயர் ஸ்டார்’ என்று தொகுத்தது. மான்செஸ்டரிலும் ஆம்ஸ்டர்டாமிலும் யாரோ ஒருவர் சேலத்துப் பேருந்தில் நாம் கேட்ட பாட்டைத் தட்டில் போட்டு, தலையை ஆட்டிக் கேட்கிறார். அதில் மகிழ்ச்சிதான். தேடிப் பிடித்தவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் தேடாவிட்டால் பல பாட்டுகள் இன்னும் தூசியில் கிடந்திருக்கும். இங்கிருந்து யாரும் தேடவில்லை என்பதுதான் குறை.

இங்கே செய்திருந்தால் ஒரு வேலையை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம். வாசித்தவர்களின் பெயரை எழுதும் வேலை.

பழைய தமிழ்ப் படத் தட்டின் உறையில் படத்தின் பெயர் இருக்கும், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்கள் இருப்பார்கள். டிரம்ஸ் யார், பேஸ் கிதார் யார் என்பது பெரும்பாலும் இருக்காது. இளையராஜாவின் இசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிதார் வாசித்த சந்திரசேகர், சதானந்தம், பேஸ் கிதார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல் ஆகியோரின் விரல்கள் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போயின. பெயர்கள் வாய்வழியாகவும் பேட்டிகள் வழியாகவும்தான் தெரியவந்தன. ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’வின் கிதாரைக் கேட்டு எத்தனையோ பேர் கிதார் கற்கப் போனார்கள், அதை வாசித்தவர் சந்திரசேகர் என்பது அவர்களில் பலருக்குப் பல ஆண்டு கழித்தே தெரிந்தது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தட்டு. சைகடெலிக் ராக்கின் மூத்த குழுக்களில் ஒன்றான கிரேட்ஃபுல் டெட்டின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991-இல் ‘பிளானெட் டிரம்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். உலக இசைக்கான கிராமி விருதை முதலில் பெற்ற ஆல்பம் அது. கடம் வாசித்த தமிழர் விக்கு விநாயக்ராமின் பெயர் அதில் தெளிவாக இருக்கிறது. அதே காலத்தில் சென்னை ஸ்டூடியோக்களில் காலை முதல் இரவு வரை வாசித்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. ஒரு வரி மை செலவாகும் காரியம்.

இங்கே தட்டுத் தொழில் புதிதா என்றால் இல்லை. ஏ.வி.எம். ஸ்டூடியோவை நிறுவிய மெய்யப்பச் செட்டியார் படம் எடுக்கும் முன் தட்டு வியாபாரம் செய்தவர். 1932-இல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். கொல்கத்தாவின் டம் டம் ஆலையில் பீட்டில்ஸ் பாடல்களைக்கூட 78 சுழற்சித் தட்டுகளாக அச்சிட்டார்கள். பல நாடுகள் அந்த வகையைக் கைவிட்ட பிறகும், சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் இங்கே பல வீடுகளில் இருந்ததே காரணம். இன்று அந்தத் தட்டுகளைச் சேகரிப்போர் உலகெங்கும் தேடுகிறார்கள். கேசட்டும் சி.டி.யும் வந்து இந்தியாவில் தட்டு அச்சிடுவதை நிறுத்திவிட்டன. 2024-இல் மும்பைப் பக்கம் மறுபடி ஓர் ஆலை இயங்கத் தொடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் அச்சிட முடியும் என்ற சாக்கு இனி செல்லாது.

அச்சிடுவதற்கு முன்னால் நல்ல மூலம் வேண்டும். அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூசி, அதில் ஊசியால் பள்ளம் வெட்டி, அதன் மேல் நிக்கல் படியவைத்து அச்சு எடுத்து, அந்த அச்சால் சூடான பி.வி.சி.யை அழுத்துகிறார்கள். அந்த அரக்குத் தகட்டை உலகத்தில் இரண்டே இடங்களில் செய்துவந்தார்கள். 2020 பிப்ரவரியில் அவற்றுள் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் தீயில் எரிந்துபோனது. அப்போது ஜப்பான் ஒன்றுதான் மிஞ்சியது. கனத்த இசைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேஸ் ஒலி ஊசியை அகலமாக ஆட்டும், பள்ளம் இடத்தைத் தின்னும். அதனால் வெட்டும்போது பேஸைக் குறைத்து, கேட்கும்போது ஆம்பிளிஃபயர் திரும்ப உயர்த்தும்படி செய்கிறார்கள். அப்படியும் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் திணித்தால் சத்தம் இளைத்துவிடும். இணையத்தில் கிடைத்த மெலிந்த எம்.பி.3-ஐ எடுத்து, பளபளப்பான உறை போட்டு, மூவாயிரம் ரூபாய்க்கு விற்பது இசைக்கும் துரோகம், வாங்குபவருக்கும் துரோகம். முதல் பதிவின் நாடாவிலிருந்து எடுக்க வேண்டும். நாடா கிடைக்காவிட்டால், தேயாத பழைய தட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

மைக் செட் கடையின் பரண் இங்கேதான் முக்கியமாகிறது. குழாய் கட்டி ஓட்டிய பிளேட்டுகளில் பெரும்பாலானவை கனமான முள்ளால் தேய்ந்தவை, உண்மைதான். ஆனால் ஓடாத படத்தின் பாட்டு, யாரும் கேட்காத பின்பக்கம், விசேஷ வீட்டில் ‘இது வேண்டாம்’ என்று ஒதுக்கிய வாத்திய இசை ஆகியவை தேயாமல் இருக்கும். சேகரிப்பவர் தேடுவதும் அதைத்தான். கேசட் வந்தபோது இப்படிப்பட்ட தட்டுகள் எடைக்குப் போயின. மிச்சம் இருப்பவை உளுந்தூர்பேட்டையிலும் கள்ளக்குறிச்சியிலும் தியாகதுருகத்திலும் ஓட்டுக் கூரையின் அடியில், வைகாசி வெயிலில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் கோணிக்கொள்ளும்; கோணிய தட்டை நேராக்குவது கடினம்.

கல்வராயன் மலைக்குப் பள்ளியும் சாலையும் வேண்டியிருக்கும்போது பிளாஸ்டிக் தட்டுக்கு அரசு பணம் போட வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். அந்த மலையின் தேவைகளைத் தட்டோடு போட்டியிட வைக்க இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது சிறியது. 2010-இல் திறந்த சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் ஓர் அறை ஒதுக்கி, பழைய தட்டுகளை வாங்கிச் சேர்த்து, முறையாக எண்ணிமப் பதிவு செய்து, பொதுமக்கள் உட்கார்ந்து கேட்க வழி செய்யலாம். மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் அரசை எதிர்பார்க்காமலேயே நிறையச் செய்திருக்கிறது. மாவட்ட மைய நூலகங்கள் மைக் செட்டுக்காரர்களிடம் கேட்டு வாங்கும் இடமாக இருக்கலாம். கொடுப்பவரின் பெயரும், வாசித்தவர்களின் பெயர் தெரிந்தால் அதுவும், அட்டையில் ஏற வேண்டும்.

உரிமைச் சிக்கல் உண்டு. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்திருக்கின்றன. அனுமதி வாங்காமல் யாரும் மறுவெளியீடு செய்யக் கூடாது. படைத்தவருக்குப் பணம் போக வேண்டும். ஆனால் வாங்கிச் சேர்ப்பதற்கும், கெடாமல் வைப்பதற்கும், யார் வாசித்தார் என்று குறித்து வைப்பதற்கும் எந்த வழக்கும் முடியக் காத்திருக்கத் தேவையில்லை. சட்டத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை வேறு, அது அவற்றை எழுதியவரின் ஆயுளோடு சேர்ந்தது. 1970-இல் வெளியான ஒலிப்பதிவுகள் 2031 ஜனவரி 1 அன்று பொதுவாகும். அன்றைக்கு முள்ளை வைத்துப் பார்க்கத் தேயாத தட்டு ஒன்றாவது தமிழ்நாட்டில் இருக்க வேண்டுமானால், பரணில் படுத்துக் கிடப்பவற்றை இந்தக் கோடைக்குள் இறக்கி, தூசி துடைத்து, நிழலில் செங்குத்தாக நிறுத்திவைக்க வேண்டும்.