மறுநடவு இருந்தால்தான் மரம் வளம்

சிரம்பானிலிருந்து ரந்தாவ், லிங்கி பக்கமோ பகாவ் பக்கமோ போகிறவர்கள் இன்று பெரும்பாலும் செம்பனையையும் புதிய வீடமைப்புப் பகுதிகளையும்தான் பார்க்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அங்கெல்லாம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்றது. தோட்டம் மாறியதைப் பேசும்போது லயம் போனதையும், கோயில் இடம்பெயர்ந்ததையும், தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைந்ததையும் பேசுகிறோம். பேச வேண்டியவைதான். அந்த மரத்தோடு சேர்ந்து கைநழுவிப் போகும் இன்னொரு செல்வத்தை மட்டும் பேசுவதில்லை. அதுதான் அதன் கட்டை.

பால் வற்றிய மரம் ஒரு காலத்தில் வெறும் விறகு. லயத்து அடுப்பிலும் ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்திலும் எரிந்தது. கரியாகிப் பிறையிலிருந்த மலாயாவத்தா இரும்பாலையின் ஊதுலைக்கும் போனது. மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்த கட்டை அது. வெட்டிப் போட்ட சில நாளிலேயே நீலப்பூஞ்சை ஏறும், வண்டு துளைக்கும். வெட்டிய கையோடு அறுத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, சூளையில் உலர்த்தினால் கெடாது என்ற தொழில்நுட்பம் வேரூன்றிய பிறகு அதன் தலையெழுத்தே மாறியது. மலேசியாவின் மரத்தளவாட ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 விழுக்காடு இன்று ரப்பர் மரத்தை நம்பியிருக்கிறது. மேசை நாற்காலிக்கு ஆகாத சிறு கட்டைகளும் வீணாவதில்லை. நெகிரி செம்பிலானின் கிம்மாசில் இருக்கும் ஹெவியாபோர்டு ஆலை அவற்றைத் துகளாக்கிப் பலகையாக அழுத்துகிறது.

இந்தப் பலகையின் தரம் ஆலையில் தொடங்குவதில்லை; பால்மரம் சீவியவரின் கையில் தொடங்குகிறது. உளி பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே மீதம் விட்டுச் சீவ வேண்டும். ஆழம் தப்பினால் மரத்தில் காயம். காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளரும். அறுக்கும்போது அந்தப் பகுதி கழிவாகும். இருட்டில் தலைவிளக்கோடு நிரை நிரையாகப் போய் மரத்தைக் காயப்படுத்தாமல் பால் எடுத்த நம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் இந்தத் தளவாடத் தொழிலுக்கும் மூலதனம் போட்டவர்கள். அதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

நெகிரி செம்பிலானின் ஸ்ரீ மெனாந்தியில், 1902-இல் தொடங்கி 1908-இல் முடித்த பழைய மர அரண்மனை, ஆணியே இல்லாமல் 99 தூண்களில் நிற்கிறது. செங்கால் போன்ற காட்டு மரம் அப்படிப் பருக்கப் பல தலைமுறை வேண்டும். பால்மரமோ நட்ட ஆறேழு ஆண்டில் பாலும், 25 முதல் 30 ஆண்டில் பலகையும் தருகிறது. காட்டைத் தொடாமல் கிடைக்கும் மரம் இது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம். எரித்தால் உடனே காற்றில் கலக்கும் அந்தக் கரிமம், மேசையாக இருக்கும்வரை வீட்டிலேயே அடைபட்டிருக்கும்.

உலகம் மரத்தை மறுபடி நம்பத் தொடங்கியிருக்கிறது. நோர்வேயில் 2019-இல் 85 மீட்டர் உயர மரக் கட்டடம் எழுந்தது. ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகம் முன்னின்று உருவாக்கிய மரச் செயற்கைக்கோள் 2024-இல் விண்ணுக்குப் போனது. மரத்தின் லிக்னினில் ஒரு பகுதியை நீக்கிச் சூட்டோடு அழுத்தினால் வலிமை பல மடங்கு கூடுமென 2018-இல் அமெரிக்காவின் மேரிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரப்பர் மரம் வெயிலையும் மழையையும் தாங்காது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கூரைக்குக் கீழே, சிறு துண்டுகளைக் கோத்து ஒட்டிய பலகையாக, அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

மரம்தான் இல்லை. 1980-களில் மலேசியாவில் சுமார் 20 இலட்சம் ஹெக்டராக இருந்த ரப்பர் பரப்பு இன்று ஏறக்குறைய பாதி. உள்நாட்டு ஆலைகளுக்கே போதாததால் அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதிக்கு 2017-இல் அரசு தடை விதித்தது. தடை இருப்பதைப் பங்கிட உதவும். புதிதாக ஒரு கன்றையும் நடாது. செம்பனைத் தண்டு ஈடாகுமா என்றால், நீரும் சர்க்கரையும் மிகுந்த, நடுவில் மென்மையான தண்டு அது. ஒட்டுப்பலகைக்கு உதவலாம், உறுதியான கட்டைக்கு ஆகாது.

இன்று ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர்களுடையது. பால் விலை சரிந்து கிடக்க, ஆறேழு ஆண்டு வருமானமில்லாமல் கன்று வளர்க்க அவர்களுக்கு மனம் வராதது நியாயமே. பாலும் கட்டையும் சேர்த்துத் தரும், மலேசிய ரப்பர் ஆய்வுக் கழகத்தின் ஆர்.ஆர்.ஐ.எம். 2000 வரிசைக் கன்றுகள் இருக்கின்றன. மறுநடவு மானியம் அந்த இடைக்காலத்தைத் தாங்குமளவு உயர வேண்டும். நிற்கும் மரத்தைக் குத்துமதிப்பாக விலை பேசாமல், கட்டையை அளந்து பணம் தரும் முறை வர வேண்டும்.

நம் சமூகத்துக்கும் பங்கு உண்டு. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியின் சிறு சேமிப்பால் தோட்டம் வாங்க முடியும் என்று காட்டியது. இன்று மரம் நடுவதிலும் மரவேலைப் பயிற்சியிலும் அதே துணிவு வேண்டும். பந்திங்கில் மரத்தொழில் திறன் மையம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். நிலம் வைத்திருப்பவர்கள் அதில் ஒரு பகுதியிலாவது பால்மரம் நடுங்கள். நடாதவரை, புதுப்பிக்கத்தக்க வளம் என்பது வெறும் பேச்சு.